வீட்டு ஜெபம்: கிறிஸ்தவ விசுவாசத்தை வளர்த்த அன்றாடப் பழக்கங்கள்

பரமண்டல ஜெபத்தை நாள்தோறும் மூன்று முறை சொல்ல வேண்டும் என்று விதிக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ நூல் 'டிடாக்கே'. பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று பெயர் கொண்ட இந்தச் சிறு கையேடு கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது. பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்த அதன் கையெழுத்துப்படியை 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோதேயோஸ் பிரையேனியோஸ் என்ற கிரேக்கத் திருச்சபை அறிஞர் கண்டெடுத்து, 1883இல் அச்சிட்டார். மூன்று வேளை ஜெபத்தோடு புதன், வெள்ளி ஆகிய இரு நாள்களில் உபவாசம் இருக்கவும் அது சொல்கிறது. மடங்களோ துறவிகளோ தோன்றாத காலம் அது. ஊருக்குப் புதிதாக வந்து தங்கும் விசுவாசி கைத்தொழில் செய்து பிழைக்கட்டும் என்று அந்நூல் வேறோர் இடத்தில் அறிவுரை கூறுகிறது. உழைத்துச் சாப்பிடும் மக்களுக்காகத்தான் இந்த மூன்று வேளை ஒழுங்கு எழுதப்பட்டது.

கிறிஸ்தவ ஆன்மிகத்தின் வரலாற்றைத் தொடர்ந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. எழுப்புதல் கூட்டங்களும் பெரும் பிரசங்கங்களும் விசுவாசத்தைப் பற்றவைத்திருக்கின்றன. தலைமுறை கடந்து அதைக் காத்தவை, வீட்டில் குறித்த நேரத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் சிறு பழக்கங்கள். இவை பல முறை மடங்களுக்குள்ளும் குருமார் கைக்குள்ளும் ஒதுங்கியிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அவற்றை மீண்டும் அடுப்படிக்கும் பட்டறைக்கும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

மூன்று வேளை ஜெபம் கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்ததன்று. சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போன தானியேல், எருசலேம் பக்கம் திறந்த சன்னல் முன் நாளுக்கு மூன்று முறை முழங்காலிட்டதாக வேதாகமம் கூறுகிறது. பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி வேளையில், அதாவது பிற்பகல் மூன்று மணியளவில், தேவாலயத்துக்குப் போனார்கள். பேதுரு நண்பகலில் வீட்டு மாடியில் ஜெபம் செய்தார். யூத வீடுகளில் நெடுங்காலம் இருந்துவந்த நேர ஒழுங்கைத் தொடக்கத் திருச்சபையும் தொடர்ந்தது. கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி ஜெபங்களைப் பரிந்துரைக்கிறார். காலையும் மாலையும் ஜெபிப்பதைச் சொல்லவே தேவையில்லாத கடமையாகக் கருதுகிறார். இப்போலித்து எழுதியதாகக் கருதப்பட்டுவந்த 'அப்போஸ்தல மரபு' என்ற நூல் நள்ளிரவில் எழுந்து கைகழுவி ஜெபிக்கச் சொல்கிறது. மனைவி விசுவாசியாக இல்லாவிட்டால் கணவன் வேறோர் அறைக்குப் போய் ஜெபித்துவிட்டுத் திரும்பட்டும் என்றும் அது எழுதிவைத்திருக்கிறது. ஒரே வீட்டில் இரு சமயத்தார் வாழ்ந்த நிலைமையைக் கண்ணால் பார்த்து எழுதிய வரி அது.

நான்காம் நூற்றாண்டுக்குப் பிறகு இந்த ஒழுங்கின் பொறுப்பு மெல்ல மடங்களுக்குப் போயிற்று. ஆறாம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்குநூல் பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் கூடி ஜெபிக்க விதித்தது. 150 சங்கீதங்களும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்கப்பட வேண்டும். இவ்வளவு விரிவான ஏற்பாட்டைச் செய்த பெனடிக்டே, தனிஜெபம் குறுகியதாகவும் தூய்மையானதாகவும் இருக்கட்டும் என்று அறிவுறுத்துகிறார். நீண்ட ஜெபமே சிறந்த ஜெபம் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. எட்டு வேளை ஜெபித்த மரபின் தந்தை அப்படி நினைக்கவில்லை.

அந்த ஒழுங்குநூலில் இன்னோர் அதிகாரம் கூடுதல் கவனத்துக்குரியது. மடத்தின் பண்டசாலைப் பொறுப்பாளர் அங்குள்ள பாத்திரங்களையும் கருவிகளையும் பலிபீடத்தின் புனிதப் பாத்திரங்களைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது அது. சமையல் வேலையைத் துறவிகள் வாரமுறை வைத்துச் செய்தார்கள். அந்த முறைக்குள் வருபவருக்கும் முடித்துப் போகிறவருக்கும் ஆலயத்தில் ஜெபம் உண்டு. கைவேலை, வேத வாசிப்பு, ஜெபம் மூன்றும் ஒரே நாளின் பகுதிகளாக அங்கே பின்னப்பட்டன. வேலை ஒரு பக்கம், பக்தி ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கும் வழக்கத்துக்கு இந்த நூலில் ஆதாரம் கிடையாது.

வாசிப்பே ஜெபமாக மாறும் முறையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி நான்கு படிகளாக விளக்கினார்: வாசித்தல், அசைபோடுதல், வேண்டுதல், அமைதியில் தங்கியிருத்தல். ஒரு சிறு பகுதியை மெதுவாக வாசித்து, அதில் மனத்தைத் தொடும் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதைக் கொண்டே கடவுளோடு பேசி, பின் பேச்சை நிறுத்துவது இதன் சாரம். கிழக்கத்தியத் திருச்சபையினர் இதே பணியை இன்னும் எளிய வழியில் செய்தார்கள். இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் கேட்கும் ஒரே வாக்கியத்தை மூச்சோடு இணைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பது அவர்கள் வழி. புத்தகம் வாங்க இயலாத ஏழைக்கும் எழுத்தறியாதவருக்கும் அது பொருந்தியது.

இவற்றை மடத்துக்கு வெளியே கொண்டுவரப் பெரும் முயற்சி செய்தவர் மார்ட்டின் லூத்தர். சபைகளைச் சுற்றிப் பார்த்தபோது, பரமண்டல ஜெபமும் பத்துக் கட்டளைகளும்கூடத் தெரியாத குடும்பங்களைக் கண்டு அவர் மனம் நொந்தார். 1529இல் வெளிவந்த அவருடைய சிறிய ஞானோபதேசம் முதலில் சுவரில் ஒட்டும் தாள்களாக அச்சிடப்பட்டது. குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்க வேண்டியது என்ற குறிப்பு அதன் பகுதிகளின் தலைப்பிலேயே இருந்தது. காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம் வரைந்து, விசுவாசப் பிரமாணமும் பரமண்டல ஜெபமும் சொல்லி, ஒரு சிறு ஜெபத்துக்குப் பின் மகிழ்ச்சியோடு வேலைக்குப் போகலாம். இரவில் அதேபோல் ஜெபித்து நிம்மதியாக உறங்கலாம். இரண்டு வேளைக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும்.

1535இல் விட்டன்பர்க் நகரின் முடிதிருத்துநர் பேதுரு என்பவர் ஜெபிக்கும் முறையைக் கேட்டபோது லூத்தர் ஒரு சிறு நூலாகவே பதில் எழுதினார். சவரக்கத்தி பிடித்திருப்பவர் வாய்பேசிக்கொண்டு வேறெங்கோ பார்த்தால் வாடிக்கையாளரின் மூக்கோ கழுத்தோ அறுபடும். ஜெபத்திலும் மனம் அப்படிக் கருத்தாயிருக்க வேண்டும் என்று அவருடைய தொழிலையே எடுத்துக்காட்டாக வைத்தார். ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, அது என்ன கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வைக்கிறது, எந்தப் பாவத்தை அறிக்கையிட வைக்கிறது, எதை வேண்டிக்கொள்ளத் தூண்டுகிறது என்று நான்கு இழைகளாகப் பிரித்து ஜெபிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். இடையில் நல்ல எண்ணம் ஒன்று தோன்றினால் மற்றவற்றை விட்டுவிட்டு அமைதியாக அதைக் கேட்கவும் சொன்னார். முறையை வகுத்தவரே அதைத் தளர்த்தவும் அனுமதிப்பது இந்நூலின் பெருந்தன்மை. இங்கிலாந்தில் 1549இல் பேராயர் கிரான்மர் வெளியிட்ட பொது ஜெபப் புத்தகம் மடத்து எட்டு வேளைகளைக் காலை, மாலை என இரண்டாகச் சுருக்கி, சங்கீதங்களை ஒரு மாதத்தில் வாசித்து முடிக்கும்படி பிரித்தது. இந்த ஒழுங்குதான் பின்னாளில் ஆங்கிலிக்கன் மிஷன்கள் வழியாகத் திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களுக்கு வந்தது.

லூத்தரின் காலத்தவரான இக்னேஷியஸ் லொயோலா வகுத்த ஆன்ம சோதனை வேறு வகைப் பழக்கம். அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலுக்கு மூன்றாம் பவுல் போப்பாண்டவர் 1548இல் ஒப்புதல் அளித்தார். அதில் வரும் அன்றாடச் சோதனைக்கு ஐந்து கட்டங்கள்: பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறல், பாவங்களைக் காணும் அருளைக் கேட்டல், விடிந்தது முதல் இந்த மணி வரை எண்ணம், சொல், செயல் மூன்றையும் மணிவாரியாகத் திருப்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்த முடிவெடுத்தல். வரிசையில் நன்றி முதலில் வருவது தற்செயலானதன்று. குற்றக் கணக்கிலிருந்து தொடங்குபவர் சோர்ந்துபோவார், அல்லது தம்மைத் தாமே நியாயப்படுத்திக்கொள்வார். நன்றியோடு தொடங்குபவருக்குத் தம் குறையைப் பார்க்கும் துணிவு வருகிறது. பகலில் யாரிடம் கடுமையாகப் பேசினோம் என்பதை அன்றிரவே நினைத்துப் பார்ப்பவர் மறுநாள் மன்னிப்புக் கேட்க வாய்ப்புண்டு. அதைச் செய்யாதவருக்கு அந்தச் சண்டை ஒரு மாதத்தில் பழகிப்போகும். அன்றாடப் பழக்கங்களில் நடத்தையை நேரடியாகத் தொடுவது இதுவே. சீர்திருத்தச் சபைகளில் இது பரவலாகாமற்போனது வருத்தத்துக்குரியது.

வேலைக்கும் ஜெபத்துக்கும் இடையிலுள்ள தடுப்பை முழுதாக அகற்றியவர் சகோதரர் லாரன்ஸ். நிக்கோலாஸ் ஹெர்மன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1614இல் லொரேன் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். முப்பதாண்டுப் போரில் சிப்பாயாக இருந்து காயம்பட்டார். 1640இல் பாரிஸிலுள்ள கார்மேல் மடத்தில் குருத்துவமில்லாத சகோதரராகச் சேர்ந்தார். அவருக்குச் சமையல் வேலை தரப்பட்டது. இயல்பாகவே அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை; இருந்தும் சுமார் பதினைந்து ஆண்டுகள் அதைச் செய்தார். பின்னர் மடத்தாரின் செருப்புகளைத் தைத்துக்கொடுத்தார். குறித்த ஜெப வேளையில் முழங்காலிட்டிருக்கும்போது கடவுள் எவ்வளவு அருகில் இருக்கிறாரோ அவ்வளவு அருகிலேயே பாத்திரங்கள் மோதும் சமையற்கட்டின் இரைச்சலிலும் இருக்கிறார் என்பது அவர் கண்டறிந்த உண்மை. அவர் 1691இல் இறந்தார். அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் ஜோசப் தெ போஃபோர் என்ற குரு தொகுத்து வெளியிட்டார்.

லாரன்ஸைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. இந்தப் பழக்கம் தொடக்கத்தில் அவருக்குக் கடினமாக இருந்தது, மனம் அலைந்தது, தாம் கைவிடப்பட்டவரோ என்ற அச்சம் பல ஆண்டுகள் அவரை வாட்டியது. மனம் விலகும் ஒவ்வொரு முறையும் தம்மை நொந்துகொள்ளாமல் திரும்பி வருவதையே அவர் பயிற்சியாக வைத்துக்கொண்டார். ஜெபத்தில் மனம் நிலைக்கவில்லை என்று கைவிடுபவர்களுக்கு அவர் அளிக்கும் ஆறுதல் இதுதான்: திரும்புதலே ஜெபத்தின் பெரும் பகுதி.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியில் எழுந்த பக்தி இயக்கம் வேத வாசிப்பை வீட்டின் மையத்துக்குக் கொண்டுவந்தது. 1675இல் போதகர் ஸ்பேனர் எழுதிய நூல், பிரசங்கம் கேட்பதோடு நில்லாமல் சிறு குழுக்களாகக் கூடி வேதம் வாசிக்கத் தூண்டியது. ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் சின்சென்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் குடியேறிய மொரேவிய சபையார் 1728 முதல் அன்றன்றைக்கு ஒரு வசனத்தை வீடுவீடாக அறிவித்தார்கள். 1731 முதல் ஆண்டு முழுமைக்குமான வசனங்களை முன்கூட்டியே அச்சிட்டார்கள். அந்தப் புத்தகம் இன்றுவரை ஆண்டுதோறும் வெளிவருகிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மக்செயின் 1842இல் தம் சபைக்கு வேறொரு திட்டம் தந்தார். நாளுக்கு நான்கு அதிகாரம் வீதம் வாசித்தால், பழைய ஏற்பாட்டை ஆண்டுக்கு ஒரு முறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரு முறையும் முடிக்கலாம். பாதி குடும்பத்தோடு, பாதி தனியாக. மறு ஆண்டே தம் 29ஆம் வயதில் அவர் இறந்துவிட்டார். திட்டம் உலகம் முழுதும் பரவியது.

தமிழ்ச் சபைகளில் புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த அட்டை எடுப்பதும், காலையில் கைபேசியில் ஒரு வசனத்தைப் படித்துவிட்டு நாளைத் தொடங்குவதும் பரவலான வழக்கங்கள். ஒற்றை வசனம் நெஞ்சில் தங்கும் என்பது உண்மை. ஆனால் ஆறுதல் வசனங்களை மட்டுமே எடுத்துப் படிக்கும் வாசகருக்கு ஆமோஸின் கண்டனமும் யோபின் புலம்பலும் எதிர்ப்படுவதே இல்லை. மொரேவியர்கள் தினவசனத்தோடு தொடர் வாசிப்பையும் விடாமல் வைத்திருந்தார்கள். நாளுக்கு அரை அதிகாரமானாலும் வரிசையாக வாசிப்பதே விசுவாசத்துக்கு எலும்பு தருகிறது. தாம் கேட்க விரும்பாததையும் அப்போதுதான் வாசகர் கேட்க நேர்கிறது.

தனிப்பழக்கம் தளரும்போது தாங்கிப்பிடிப்பது சிறு குழு. 1742இல் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியின் சபையார் தங்கள் கட்டடக் கடனை அடைக்க வழி தேடினார்கள். பன்னிருவருக்கு ஒருவர் பொறுப்பேற்று ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பது என்று முடிவாயிற்று. காசு வாங்க வீடுவீடாகப் போனவர்கள் அங்கே நடப்பதையும் பார்த்தார்கள்: குடி, சண்டை, நோய், வறுமை. கடன் வசூல் சில மாதங்களில் ஆன்ம விசாரிப்பாக மாறியது. வாரம் ஒருமுறை கூடி, உள்ளம் எப்படியிருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்கும் வகுப்புகள் மெத்தடிஸ்ட் இயக்கத்தின் முதுகெலும்பாயின.

இப்பழக்கங்களின் வலிமையைத் தமிழ்க் கரையோரத்தில் பார்ப்பதுபோல் வேறு இடங்களில் அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், சில ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவர்களுக்கு ஜெபங்களே தெரியவில்லை என்பதைக் கண்டார். தமிழும் போர்த்துக்கீசும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், மங்கள வார்த்தை ஜெபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு ஊரைச் சுற்றிச் சிறுவர்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் அதை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளிகள் வீட்டில் ஜெபிக்கவும் சிறுவர்களையே அனுப்பியதாக 1544இல் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் குறிப்பிடுகிறார்.

அவருக்குப் பின் அந்தக் கரையில் நெடுங்காலம் உழைத்த அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். இந்திய எழுத்து ஒன்றில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் அது. காவியமோ சட்டநூலோ அந்த இடத்தைப் பெறவில்லை. மீனவக் குடும்பம் அன்றாடம் சொல்ல வேண்டிய ஜெபங்களும் அடிப்படைப் போதனையும் அடங்கிய கையேடு பெற்றது. மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது.

இந்த வீட்டு ஜெபங்கள் எந்த அளவுக்கு வேர்விட்டிருந்தன என்பதை யாழ்ப்பாணம் காட்டியது. 1658இல் டச்சுக்காரர் அங்கே ஆட்சியைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குரு இல்லை, பலிபூசை இல்லை. 1687இல் கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகள் கூலியாள் கோலத்தில் இரகசியமாக வந்து சேர்ந்தார். யாரை நம்புவது என்று தெரியாத ஊரில் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு முகம் மாறுபவர் யார் என்று கவனித்தார். அப்படி விசுவாசிகளை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்து, சில்லாலைக் கிராமத்தைத் தளமாகக் கொண்டு பணியைத் தொடங்கினார். குரு இல்லாத தலைமுறை முழுதும் வீட்டுக்குள் உருட்டப்பட்ட செபமாலை ஒரு சபையை உயிரோடு வைத்திருந்தது. வாஸ் அடிகள் 1711இல் கண்டியில் இறந்தார்; 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய தோழர் ஜாக்கோமே கொன்சால்வெஸ் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்க ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டுவந்திருக்கிறது.

தமிழகத்திலும் இது போன்ற இடைவெளி நேர்ந்தது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1830களின் இறுதியில் அச்சபையார் மதுரை மிஷனுக்குத் திரும்பும்வரை பெரும்பாலான ஊர்கள் குருவின் முகத்தை அரிதாகவே கண்டன. உபதேசியார்களும் வீட்டுப் பெரியவர்களும் மாலை ஜெபத்தை நடத்தி அந்த ஆண்டுகளைக் கடத்தினார்கள்.

சீர்திருத்தச் சபையின் பக்கம், ஹாலே நகரின் பக்தி இயக்கத்தில் உருவான சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. வேதம் வீட்டில் வாசிக்கப்பட வேண்டியது என்ற கொள்கையோடு வந்தவர்கள், அதற்குப் பொருந்தப் பள்ளிக்கூடங்களையும் தொடங்கினார்கள். ஆனால் தமிழ் வீட்டு ஜெபத்துக்குக் குரல் கொடுத்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பாளையங்கோட்டையில் பிறந்து மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் பயின்ற அவர் 'பெத்லகேம் குறவஞ்சி'யும் எண்ணற்ற கீர்த்தனைகளும் இயற்றினார். ஜெர்மன் இராகத்தில் அமைந்த ஞானப்பாட்டுகளை ஆலயத்தில் பாடிய சபை, வயலிலும் திண்ணையிலும் தொட்டிலருகிலும் கீர்த்தனை பாடியது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின் அவை ஆலய வழிபாட்டிலும் நிலையான இடம் பெற்றன. எழுத்தறியாத பாட்டிமார் இருபது முப்பது கீர்த்தனைகளை மனப்பாடமாகப் பாடுவது தென்மாவட்டக் குடும்பங்களில் சாதாரணமாக இருந்தது. அவர்கள் கற்ற இறையியல் முழுதும் அந்தப் பாடல்களில்தான் இருந்தது. துக்க வீட்டில் அது கைகொடுத்தது.

திருநெல்வேலிக் கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவில்மணி மாலைதோறும் அடித்தது. வேலை முடிந்து வந்தவர்கள் கூடி, உபதேசியார் வாசிக்கும் வேதப்பகுதியைக் கேட்டு, பாடி, ஜெபித்துவிட்டுப் போனார்கள். 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம், 1950இல் குளித்தலை அருகே உருவான சாந்திவனம் ஆகியவை நாளின் சந்திகளில் கூடி ஜெபிக்கும் ஒழுங்கை இந்த மண்ணின் இசையோடும் எளிமையோடும் இணைத்தன. ஜேசுதாசனும் பேட்டனும் மருத்துவர்கள். அவர்களுடைய ஆசிரமத்தில் ஜெபமும் நோயாளிகளைப் பராமரிப்பதும் ஒரே நாளின் ஒழுங்கில் நடந்தன.

ஜெபம், வாசிப்பு, பாடல் ஆகியவற்றோடு கொடுத்தலும் அன்றாடப் பழக்கமாக முடியும் என்பதற்குப் பிடியரிசி சான்று. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொடுப்பது தமிழ்ச் சபைகளில் இருந்துவந்த வழக்கம். மிசோரத்தில் இது 1910இல் தொடங்கி இன்றுவரை பெண்கள் முன்னின்று நடத்தும் பேரியக்கமாக வளர்ந்திருக்கிறது. அங்குள்ள திருச்சபையின் வருவாயில் அதற்குக் கணிசமான பங்கு உண்டு. கையில் காசே இல்லாத பெண்ணும் இங்கே கொடுப்பவராகிறார். ஞாயிறு காணிக்கையை மறந்துவிடலாம், சமைப்பதை மறக்க முடியாது. அந்தச் செயலோடு கட்டிவைத்ததால்தான் இப்பழக்கம் நிலைத்தது. பழக்கம் நிலைக்க வேண்டுமானால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலை ஒன்றோடு அதைச் சேர்க்க வேண்டும் என்பதை அடுப்படிப் பெண்கள் எந்த நூலும் படிக்காமல் அறிந்திருந்தார்கள்.

இவ்வளவையும் சொன்னபின் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஒழுங்கான ஜெபம் தானாகவே மனிதரை நீதிமானாக்கிவிடுவதில்லை. லூத்தரிடம் ஜெபிக்கக் கற்ற அதே பேதுரு, அதே 1535ஆம் ஆண்டு குடிபோதையில் தம் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றார். லூத்தரும் மற்றவர்களும் பரிந்துபேசியதால் மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைந்தது. தமிழ்ச் சபைகளின் காயம் இதைவிட ஆழமானது. நாளும் ஜெபித்துப் பாடிய சபைகள் ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தன. சாஸ்திரியாரே சாதி ஆசாரத்தை ஆதரித்து எழுதினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து முற்றாக நீக்க ஆணையிட்டபோது தஞ்சையிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அழகிய கீர்த்தனையும் அந்தத் தீமையும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடிந்தது. ஒடுக்கப்பட்டவரை விடுவிக்காத உபவாசத்தைக் கடவுள் ஏற்பதில்லை என்று ஏசாயா தீர்க்கதரிசி முழங்கியது இத்தகைய பக்தியை நோக்கித்தான். ஆன்ம சோதனை தனிமனிதக் குற்றங்களோடு நின்றுவிடக் கூடாது. யாரை வீட்டுக்குள் அழைக்கவில்லை, யாரோடு உண்ணவில்லை என்பதையும் இரவு ஜெபத்தில் கேட்கும் குடும்பமே ஏசாயாவைப் புரிந்துகொண்ட குடும்பம்.

பழக்கங்களால் மீட்பைச் சம்பாதிக்க முடியும் என்ற எண்ணத்தையும் சீர்திருத்தவாதிகள் சரியாகவே மறுத்தார்கள். வெஸ்லி இவற்றை அருளின் வழிகள் என்று அழைத்தார்: அருள் கடவுளுடையது, அது வழக்கமாக வரும் பாதையில் காத்திருப்பது மனிதருடைய பங்கு.

அந்தக் காத்திருப்பு எதற்குப் பயன்படும் என்பதை டீட்ரிக் பான்ஹோஃபர் இருபதாம் நூற்றாண்டில் காட்டினார். ஹிட்லருக்குப் பணிய மறுத்த சபையின் போதகர்களை உருவாக்க அவர் 1935 முதல் ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் குருமடம் நடத்தினார். மாணவர்கள் காலைதோறும் அரை மணி நேரம், ஒரு வாரம் முழுதும் ஒரே வேதப்பகுதியைத் தியானிக்க வேண்டும். பலருக்கு அது சலிப்பாக இருந்தது. இறையியலாளர் கார்ல் பார்த், மடத்து வாடை வீசுகிறதே என்று கவலை தெரிவித்தார். 1937இல் ஜெர்மன் இரகசியக் காவல்துறை அந்த இடத்தை மூடியது. அங்கு வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி பான்ஹோஃபர் எழுதிய சிறு நூல் 1939இல் வந்தது. 1943இல் கைதாகி டேகெல் சிறையில் இருந்தபோது அதே சங்கீதங்களும் அதே தினவசனப் புத்தகமும் அவர் கையில் இருந்தன. 1945 ஏப்ரல் 9 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார்.

இன்று தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் மாலை ஜெபத்தின் இடத்தைத் தொலைக்காட்சியும் கைபேசியும் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. பெற்றோர் வெவ்வேறு நேரத்தில் வேலை முடிந்து வருகிறார்கள்; பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் இருக்கின்றன. ஒரு மணி நேரக் குடும்ப ஜெபத்தை மீட்க முயன்றால் அது ஒரு வாரத்தில் நின்றுவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சங்கீதம், ஒரு கீர்த்தனை, பரமண்டல ஜெபம், அன்றைய நாளுக்கு ஆளுக்கொரு நன்றி என்று பத்து நிமிடத்தில் தொடங்கலாம். பாடல்களை மனப்பாடமாக அறிந்த முதியவர்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அவர்களை நடுவில் உட்காரவைத்து, பிள்ளைகள் அந்தப் பாடல்களை இராகத்தோடு கற்றுக்கொள்ள வேண்டும்.